சுரம் உண்டா?

“உயிரே போனாலும் சரி, நாளைக்குக் கல்லறைத் திருநாள் பூசையில நான் பாடியே தீருவேன்” என்று, கப்பல்துறையில் கணக்கு எழுதும் கிராணி பாக்கியநாதன் கூடத்தின் நடுவே நின்று சபதம் செய்தார்.

“யார் உயிர்?” என்று கேட்டாள் அவருடைய மனைவி ஜூலியானா.

சபதம் செய்யும் கணவனிடம் மனைவி கேட்கத்தக்க கேள்வி அன்று அது. தக்க மறுமொழி ஒன்றைச் சொல்லிவிட வேண்டுமென்று பாக்கியநாதன் மார்பை நிமிர்த்தி வாயைத் திறந்தார். மறுமொழி வரவில்லை. இருமல் வந்தது. ஒன்றல்ல, ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றாக வந்தது. மேசை விளக்கின் சுடர் ஒரு தரம் படுத்து எழுந்தது. ஜூலியானா முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, அது ஓயும் வரையில் சுவரிலிருந்த திருக்குடும்பப் படத்தைப் பார்த்தபடி நின்றாள்.

“புழுதி” என்றார் பாக்கியநாதன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கிடங்குல மிளகு மூட்டையைப் பிரிச்சாங்க.”

“மத்தியானம் கரித்தூள்னு சொன்னீங்க.”

“கரியும் இருந்துச்சு, மிளகும் இருந்துச்சு. கப்பல்துறைன்னா எல்லாந்தான் இருக்கும்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம், நவம்பர் மாதத்து முதல் நாளின் மாலைப்பொழுது அது. சீமையில் சண்டை ஓயப்போகிறதென்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. பினாங்கில் அதைப் படித்து மகிழ ஆள் குறைவு. கப்பலேறி வந்த விஷசுரம் வீட்டுக்கு ஒருவரையாவது பாயில் தள்ளியிருந்தது. டத்தோ கிராமாட் சாலையை ஒட்டி இவர்கள் குடியிருந்த சந்தின் முனையில் சவப்பெட்டி செய்யும் சீனத் தச்சர் ஒருவர் இருந்தார். அவருடைய உளிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அது நின்றால்தான் திரும்பிப் பார்ப்பது என்னும் அளவுக்குச் சந்து பழகிப்போயிருந்தது.

ஜூலியானாவின் தங்கை அக்னஸ், பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு சுரத்தில் விழுந்து, ஒரு வாரம் தாங்காமல் போய்விட்டாள். மூடிய பெட்டியை மூடியபடியே புதைத்தார்கள். கூடப்பிறந்தவளுக்கு முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. நாளைய பூசை அக்னஸுக்கு முதல் கல்லறைத் திருநாள். அவள் கணவன் பீட்டர் தாயில்லாத அந்தக் கைக்குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு வருவான். இதுதான் ஜூலியானாவின் நெஞ்சில் இருந்தது.

பாக்கியநாதனின் நெஞ்சில் இருந்தது வேறு. கபத்தைச் சொல்லவில்லை, அது இருந்தது உண்மையே. அதற்கு மேல் ஓர் ஆசை இருந்தது.

கோவில் சாமியார் பிரெஞ்சு தேசத்தவர். புதுச்சேரியில் தமிழ் இலக்கணம் கற்றவர். ஆகையால் பினாங்குத் தமிழர் எவருக்கும் வராத தமிழ் அவருக்கு வந்தது. சுரக்காலத்தில் சனங்கள் ஆபத்தில்லாமல் பூசை காண்பதற்காக அவர் ஏற்பாடுகள் செய்து, போன ஞாயிற்றுக்கிழமை தாமே படித்துச் சொன்னார். கல்லறைத் திருநாளுக்குக் காலையில் ஒரே பூசை. அதுவும் கோவிலுக்குள் அன்று, பின்புறத்து வெளியில், பந்தலின்கீழ். நிற்கும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்திருக்கும். இருவருக்கிடையே இரண்டு முழம். தீர்த்தத் தொட்டி வறண்டிருக்கும். பாடுபட்ட சுரூபத்தை முத்தமிடலாகாது. பாடகர் பன்னிருவரும் கூடிப் பாடலாகாது. ஒரே குரல் போதும். அந்த ஒருவரும் சனங்களின் ஊடே நடவாமல், எல்லாருக்கும் முன்பாக வந்து நன்மையாகிய திருஅப்பத்தை வாங்கிக்கொண்டு தம் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். வாசலில் உபதேசியார் நின்று ஒவ்வொருவரையும் ‘சுரம் உண்டா?’ என்று கேட்பார். ‘உண்டு எனில் உம் இல்லம் திரும்புக. சர்வேசுரன் அவ்விடத்தும் உளர்’ என்று முடித்தார் சாமியார்.

மற்றவர்கள் இதைக் கேட்டுத் தங்கள் செத்துப்போனவர்களை எண்ணி அழுதார்கள். பாக்கியநாதன் காதில் விழுந்தது ‘ஒரே குரல்’ என்பது ஒன்றுதான். இத்தனை வருஷமாகப் பதினொரு பேரின் சத்தத்துக்குள் அமிழ்ந்து கிடந்த அவருடைய குரல், இப்போது தன்னந்தனியாக, திறந்தவெளியில், பட்டணமெல்லாம் கேட்க ஒலிக்கப்போகிறது. தம்மை விட்டால் மிச்சம் யார்? பள்ளிக்கூட வாத்தியார் பெஞ்சமின் இருந்தார். அவருக்குக் கொசுவின் குரல் என்பது பாக்கியநாதனின் தீர்ப்பு. தீர்ப்பைக் கேட்டு உபதேசியார் இவர் பேரையே எழுதிக்கொண்டார்.

ஆகையால், அன்று பகலில் கிடங்கில் முதல் இருமல் வந்தபோது பாக்கியநாதனுக்குப் பயம் வரவில்லை, கோபம் வந்தது. கப்பல் வரும் நாளாகப் பார்த்து லீவு கேட்கும் கடைநிலைக் கிராணியிடம் வருகிற கோபம். அந்தக் கோபம் இருமலோடு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

“இங்க வாங்க” என்று ஜூலியானா அவர் நெற்றியில் புறங்கையை வைத்தாள். “சுடுது.”

“கோபம். கோபம் தலைக்கு ஏறினா நெத்தி சுடாதா?”

“அப்படியா? என் நெத்தியைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார்.

“சில்லுன்னு இருக்கா?”

“இருக்கு.”

“உங்களைவிட நான் பத்து மடங்கு கோபத்துல இருக்கேன்.”

பாக்கியநாதன் கையை எடுத்துக்கொண்டார். தொட்டது சூடாக இருந்திருந்தாலே தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

“இதோ பாரு, ஜூலியானா. நியாயத்தைப் பேசு. உபதேசியார் என்ன கேப்பார்? சுரம் உண்டான்னு கேப்பார். இருமல் உண்டான்னு கேக்கச் சொல்லி சாமியார் உத்தரவு இல்ல. எனக்குச் சுரம் இல்ல. இருமல்தான் இருக்கு. கேக்காததுக்குப் பதில் சொல்லணும்னு வேதத்துப் பத்துக் கற்பனையில எதுல எழுதியிருக்கு?”

“சுரம் இல்லையா?”

“இல்ல.”

“கொஞ்சங்கூட இல்லையா?”

“அடியோட இல்ல.”

“சுரமே இல்லாதவர் எப்படிங்க பாடுவீங்க?”

பின்கட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடுத்த வீட்டு ஆசியா பீவியின் சிரிப்பு அது. இரண்டு வீட்டுக்கும் கொல்லைப்புறம் ஒரே சுவர். சுவர் ஆள் உயரம். ஆசியா பீவியின் காது சுவரைவிட உயரம். அவள் வீட்டுக்காரர் சாதிக்காயைச் சர்க்கரையில் ஊறவைத்துப் பசாரில் விற்பவர்.

“ஏன் ஜூலியானா” என்றாள் ஆசியா பீவி, தலையைக் காட்டாமலே. “அண்ணன் தொண்டைக்குள்ள ஆட்டுக்குட்டியைக் கட்டி வச்சிருக்காரா? மத்தியானத்துல இருந்து கத்துதே.”

“மிளகு, அக்கா” என்றாள் ஜூலியானா. “கரியும் கலந்த மிளகு.”

“எங்க வீட்டு மனுசன் ஒரே ஒரு தும்மல் தும்முனாரு. இன்னைக்கு ஜும்மாவுக்கே போகல லா. வீட்டுலயே தொழுதுக்கிட்டாரு.”

“உங்க வீட்டுக்காரர் அங்க போய்ப் பாட்டா பாடுறாரு?” என்று பாக்கியநாதன் சுவரைப் பார்த்துக் கேட்டார். “அவர் போகலைன்னா ஒரு ஆள் குறையும். நான் போகலைன்னா பூசையே குறையும்.”

“குறைஞ்சா என்ன அண்ணே, ஆள் மிஞ்சும்ல” என்றது சுவர். “சாதிக்காய் நாலு தரவா தொண்டைக்கு?”

“குடுங்க அக்கா” என்று ஜூலியானா கொல்லைக்குப் போய், கையை நீட்டிச் சுவர்மேலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். பாக்கியநாதன் அதைப் பார்த்தார். பாடப் போகும்போதெல்லாம் கோட்டுப் பையில் சாதிக்காய்த் துண்டு ஒன்றை வைத்திருந்து, குரலெடுக்குமுன் வாயில் அடக்கிக்கொள்வது அவருடைய வெகுநாள் வழக்கம்.

அவள் உள்ளே வந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதால் பெருமை சற்று மேலே தெரிந்தது.

“சாமியாரே ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேனே, வெளியில நாற்காலி போட்டு நடுவுல துணி கட்டியிருந்தார். பாதியில இருமல் வந்துச்சு. அடக்க முடியல. முகத்தை மூடிக்கிட்டுத் தோளைக் குலுக்கினேன். அவர் என்ன நினைச்சார் தெரியுமா? அழுறேன்னு நினைச்சார். ‘உத்தம மனஸ்தாபம் கண்டோம்’னு சொல்லி அபராதத்தைப் பாதியாக் குறைச்சுட்டார்.”

இதை அவர் ஒரு சாமர்த்தியமாகச் சொன்னார். ஜூலியானா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவள் முகத்திலிருந்து வேடிக்கை போய்விட்டது.

“பாவத்தைச் சொல்லப் போன இடத்துல பாவம் பண்ணிட்டு வந்திருக்கீங்க.”

“துணி கட்டியிருந்துச்சுன்னு சொல்றேனே.”

“துணி. அக்னஸ் வீட்டுலயுந்தான் கதவு இருந்துச்சு. அவளுக்கு அந்தச் சுரத்தை யார் குடுத்தது? இருமலை மிளகுன்னு சொன்ன யாரோ ஒருத்தர்தானே? அவங்களுக்கும் ஏதோ அவசர வேலை இருந்திருக்கும்.”

“அக்னஸ் ஆத்துமத்துக்காகத்தானே நான் பாடுறேன்.”

“அக்னஸுக்கு உங்க பாட்டு வேணாம். அவ பிள்ளைக்கு மூச்சு வேணும்.”

பாக்கியநாதனுக்கு அந்தச் சொல் தைத்தது. தைத்த இடத்தைத் தடவிக்கொடுக்காமல் அவர் அதன்மேல் கோபத்தை வைத்துக் கட்டினார். குடும்பத் தலைவன் யார், இந்த வீட்டில் யார் சொல் செல்லும், கொசுவின் குரலில் பாடினால் பரலோகம் வரை எட்டுமா, என்று உரக்கக் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் இருமினார்.

“சரி” என்றாள் ஜூலியானா.

“என்ன சரி?”

“போய்ட்டு வாங்க. கோட்டுக்குக் கஞ்சி போட்டு வைக்கிறேன்.”

மனைவியின் கோபம் பேசிக்கொண்டிருக்கும் வரையில் கணவனுக்கு மோசமில்லை. அது வாயை மூடிக்கொண்டு கோட்டுக்குக் கஞ்சி போடத் தொடங்கும்போதுதான் அவன் விழித்துக்கொள்ள வேண்டும். பாக்கியநாதன் விழித்துக்கொள்ளவில்லை. வெற்றியடைந்ததாக எண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டினாள். பழைய மல்துணியை நாலாக மடித்து, நாடா வைத்து, வாய்க்கட்டு ஒன்று தைத்து எடுத்துவந்தாள்.

“இதையாவது கட்டிக்கிட்டுப் போங்க.”

“வாயைக் கட்டிக்கிட்டு எப்படிப் பாடுறது?”

“பாடுறப்ப அவுத்துடுங்க. வாசல்ல நிக்கிறவரைக்குமாவது வாயைக் கட்டுங்க.”

“கட்டமாட்டேன். கொள்ளைக்காரன் மாதிரி இருக்கு.” பிறகு அவருக்கு ஒரு முக்கியமான விஷயம் நினைவுக்கு வந்தது. “கோட்டுப் பையில சாதிக்காய் வச்சிடாதே. மத்த நாள்ல முதற்பூசையில நன்மை வாங்கிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அப்புறந்தான் பாட்டுப்பூசைக்குப் போவோம். நாளைக்கு எல்லாம் ஒரே பூசை. நடுச்சாமத்துக்கு மேல பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக்கூடாது. கை பழக்கத்துல எடுத்து வாயில போட்டுட்டேன்னா நன்மை வாங்க முடியாது. தெரியுதா?”

“தெரியுது.”

“கோட்டுப் பையில ஒண்ணும் இருக்கக்கூடாது.”

“கோட்டுப் பையில ஒண்ணும் வைக்க மாட்டேன்” என்றாள் ஜூலியானா. அவள் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். சொன்ன சொல்லுக்கு மேலும் செய்யமாட்டாள், கீழும் செய்யமாட்டாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருக்கோடி வரை போய் வருவதாகச் சொல்லிப் போனாள். தங்கையின் கல்லறைக்கு மெழுகுதிரி வாங்கத்தான் போகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். மெழுகுதிரியோடுதான் திரும்பியும் வந்தாள்.

மறுநாள் விடியலில் பாக்கியநாதன் கஞ்சிபோட்ட கோட்டுக்குள் புகுந்துகொண்டு, கோட்டுப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. மனைவியின் கீழ்ப்படிதலை மெச்சிக்கொண்டார். வாசற்படியில் ஜூலியானா மடித்த கைக்குட்டை ஒன்றை நீட்டினாள். அதை வாங்கித் தாமே பைக்குள் வைத்துக்கொண்டார்.

“நீ வரலையா?”

“பின்னாலயே பூசை காண்பேன். நீங்க நடங்க.”

அவள் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யன்று. அதைப் பிறகுதான் அவர் கண்டுகொண்டார்.

கோவிலின் பின்மதில் அவர்கள் சந்துக்கு முதுகு காட்டி நின்றது; வாசலுக்குப் போகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவர் போய்ச் சேர்ந்தபோது சனங்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒருவராக வரிசையில் நின்றார்கள். வாசலில் உபதேசியார் மூக்குக்கு மேல் துணி கட்டிக்கொண்டு, தலைக்குத் தலை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சுரம் உண்டா?”

“இல்லைங்க.”

“உள்ள போங்க. சுரம் உண்டா?”

பாக்கியநாதனுக்கு முன்னால் இன்னும் சிலர்தான். ‘இல்லை’ என்னும் சொல்லை அவர் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தார். அந்த வேளையில் அடிவயிற்றில் ஏதோ நகர்ந்தது. நெஞ்சுக்கு ஏறியது. தொண்டைக்குழியில் வந்து நின்று, கதவைத் தட்டியது. அவர் மூச்சை நிறுத்தினார். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. வாயைப் பொத்திக்கொள்ளலாமென்று பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையை உருவினார். மடிப்புக்குள் ஏதோ வழுவழுப்பாக விரலில் பட்டது. கைக்கு ஞானோபதேசம் தெரியாது. பாடப் போகிறோம், சாதிக்காய் அகப்பட்டிருக்கிறது என்பது மாத்திரம் அதற்குத் தெரியும். எடுத்தது, வாயில் போட்டது.

இனிப்பும் காரமும் கலந்த சாறு தொண்டையில் இறங்கியது. இருமல் மந்திரம் போட்டாற்போல் அடங்கியது. ஆகா, ஆசியா பீவி வீட்டுச் சரக்கே சரக்கு என்று அவர் மெச்சினார். மெச்சி முடித்து ஒரு வாய் விழுங்கிய பின்புதான், தாம் செய்த காரியம் இன்னதென்று அவருக்கு விளங்கியது.

“சுரம் உண்டா?” என்றார் உபதேசியார்.

பாக்கியநாதன் தலையை ஆட்டினார்.

“ஓ, நீங்களா? வாயைத் திறந்து சொல்லுங்க கிராணியாரே. இன்னைக்கு உங்க வாய்தானே எங்களுக்கு எல்லாம்.”

“இழ்ழ.”

“என்னது?”

“இழ்ழ.”

உபதேசியார் கிட்டே வராமலே கழுத்தை நீட்டினார். “கன்னத்துல என்ன வீக்கம்?”

“பழ்ழு.”

“சாதிக்காய் வாசனை அடிக்குதே.”

வாய்க்கட்டுக்குள்ளிருந்து பேசுகிறவர்கள் தங்கள் குரல் வெளியே கேட்கவில்லை என்று நினைத்து உரக்கப் பேசுவார்கள். உபதேசியாரும் அப்படித்தான் பேசினார். வரிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது.

“நன்மை வாங்க வந்தவர் தின்னுக்கிட்டே வர்றீங்களே. பெரியவங்களே இப்படிப் பண்ணலாமா?”

“மறதி” என்றார் பாக்கியநாதன், துண்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. “மறதியா வாயில போட்டுட்டேன். அதனால என்ன, பாடலாம்ல?”

“பாடலாம். பாவமில்ல. ஆனா பாடுறவர்தான் முதல் ஆளா வந்து நன்மை வாங்கணும்னு சாமியார் ஏற்பாடு. நீங்க பாடிட்டு வாங்காம நின்னா, இவ்வளவு சனமும் என்ன நினைக்கும்? நேத்து நீங்க பாவசங்கீர்த்தனத்துல தோள் குலுங்க அழுததை எல்லாருந்தான் பாத்தாங்க. தீராத பாவம் என்னவோ செஞ்சிருக்காருன்னு...”

வரிசையில் ஒரு கிழவர், அதைத்தான் தாமும் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

பாக்கியநாதனுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஆனால் யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. திரும்பினார். பின்னால் இரண்டு முழம் தள்ளி மைத்துனி கணவன் பீட்டர் நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம். தோளில் வெள்ளைத் துணி மூட்டை. அதற்குள் உள்ளங்கை அளவு முகம்.

“அண்ணே, அக்கா வரலையா? பிள்ளையைக் காட்டணும்னு தூக்கிட்டு வந்தேன்” என்று அவன் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஓரடி முன்னால் வந்தான்.

“நில்லு” என்றார் பாக்கியநாதன். “அங்கேயே நில்லு, பீட்டர்.”

சொல்லும்போதே இருமல் திமிறிக்கொண்டு வந்துவிட்டது. அவர் மதிலோரமாக ஓடி, சுவரில் முகத்தைப் பதித்துக்கொண்டு, கஞ்சி போட்ட கோட்டு மடங்க மடங்க இருமித் தீர்த்தார். யாரும் அதை மிளகென்று நினைக்கவில்லை. அவருமே நினைக்கவில்லை. உண்மை அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. மனைவி முதலிலேயே சொன்ன உண்மையாக அது இருந்தபடியால் கோபம் இரட்டிப்பாயிற்று.

“வீட்டுக்குப் போங்க கிராணியாரே” என்றார் உபதேசியார், இப்போது மெல்ல. “பாட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. பெஞ்சமின் வாத்தியார் தயாரா நிக்கிறார்.”

“அவரை யார் வரச் சொன்னது?”

“உங்க வீட்டுலதான். நேத்து சாயங்காலம் வந்து, ‘அவருக்குத் தொண்டை கட்டினாலும் கட்டும், ஒருத்தர் கைவசம் இருக்கட்டும்’னு சொல்லிட்டுப் போனாங்களே. நல்ல முன்யோசனை.”

வீட்டுக்கு வந்து சேரும் வரையில் பாக்கியநாதன் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். பேசவேண்டிய கடுஞ்சொற்களை அடுக்கி, மெருகிட்டு, எது முதலில் எது கடைசியில் என்று முறைப்படுத்திக்கொண்டு கதவைத் தள்ளினார். கூடத்தில் யாருமில்லை. கொல்லைப்புறத்தில் பாய் விரித்திருந்தது. கோவில் மதிலை நோக்கி ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. ஜூலியானா முக்காட்டோடு முழந்தாளில் இருந்தாள். கோவில் பந்தலின் உச்சி அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

“இதுதான் நீ பின்னாலயே பூசை காண்ற லட்சணமா?”

“கோவிலுக்குப் பின்னாலதானே இருக்கேன்” என்றாள், திரும்பாமலே.

“தங்கச்சி பூசைக்கு நீயே போகலையா?”

“ராத்திரி பூரா நீங்க இருமின காத்தைத்தானே நானும் வாங்கினேன். அதை வாங்கினவ அங்க போய் நன்மை வாங்கலாமா? அந்தப் பிள்ளையைக் கையில வாங்கலாமா?”

அடுக்கி வைத்த கடுஞ்சொற்களில் முதலாவது அவருக்கு மறந்துபோயிற்று. இரண்டாவதைத் தேடிப் பிடித்தார்.

“கோட்டுப் பையில ஒண்ணும் வைக்காதேன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. நான் வைக்கல. கைக்குட்டையில வச்சேன். கைக்குட்டையைப் பையில வச்சது நீங்க.”

“உபவாசத்தை முறிக்க வச்சது பாவமில்லையா?”

“முறிஞ்சா பாவமில்ல. முறிஞ்ச பிறகு நன்மை வாங்கினாத்தான் பாவம். நீங்க வாங்கலை. ஞானோபதேசத்துல கேக்காததுக்கு நான் ஏன் பதில் சொல்லணும்?”

“ஊர் முன்னால என் மானம் போச்சு.”

“மானம் எங்க போச்சு? சாதிக்காயைத் தின்ன மறதிக்காரர்னு சொல்லுவாங்க, ரெண்டு நாள் சிரிப்பாங்க. நான் உபதேசியார்கிட்ட உங்க இருமலைச் சொல்லியிருந்தா, நேத்தே வாசல்ல சுண்ணாம்பு தெளிச்சு, உங்களை நோயாளிகளைத் தனியா அடைக்கிற தீவுக்குக் கொண்டுபோயிருப்பாங்க.” இப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது, அழுகையாலா கோபத்தாலா என்று கேட்க அவருக்குத் துணிவில்லை. “வாயைக் கட்டச் சொன்னேன். நான் தைச்ச துணியை நீங்க கட்டியிருந்தா அந்தச் சாதிக்காய் வாய்க்குள்ள போயிருக்குமா?”

பாக்கியநாதன் இரண்டாவது சொல்லையும் மறந்தார்.

மதிலுக்கு அப்பால் மணி அடித்தது. ஜூலியானா பாயின் மறுகோடியைக் கையால் காட்டினாள். இரண்டு முழம் இருந்தது. அவர் கோட்டோடு, கன்னத்தில் எஞ்சிய சாதிக்காயோடு, அங்கே முழந்தாளிட்டார். பாயருகே வைத்திருந்த வாய்க்கட்டை அவள் தூக்கிப் போட்டாள். இந்தத் தடவை கட்டிக்கொண்டார்.

அப்போது பாட்டு எழும்பியது. பெஞ்சமின் வாத்தியாரின் குரல் மெல்லியதுதான். ஆனால் திறந்தவெளியில் அது எதிலும் இடிக்காமல், இழை அறாமல், மதிலைத் தாண்டி, சந்தைத் தாண்டி வந்தது. சந்துமுனையில் உளிச் சத்தம் நின்றது. மரித்தவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியைக் கேட்கும் அந்த இலத்தீன் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டன. ஜூலியானா முக்காட்டுக்குள் அக்னஸின் பேரை ஒரு தரம் சொன்னாள்.

பாக்கியநாதன் கண்ணை மூடிக்கொண்டார். இந்த இடத்தில் தாம் இன்னும் பலமாகப் பாடியிருப்போம் என்று எண்ணினார். மனைவியிடம் அதைச் சொல்லிவிட வேண்டுமென்றும் எண்ணினார். ஆனால் வாய் கட்டியிருந்தது.

பாட்டு முடிந்ததும், பாட்டுச் சத்தம் கேட்ட பிறகே கொல்லைக்கு வந்திருந்த ஆசியா பீவியின் குரல், சுவருக்கு அப்பாலிருந்து மரியாதையோடு, மெதுவாக வந்தது.

“ஜூலியானா, அண்ணன் வந்ததும் நான் சொன்னேன்னு சொல்லு. சாதிக்காய் நல்லா வேலை செஞ்சிருக்கு. இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் மனுசன் சுரம் தப்பாம பாடியிருக்காரு.”